பிடிப்பவனின் உயரம்

கபடித் தேர்வில் எவரும் மெய்யான உயரத்தை எழுதுவதில்லை.

யாரும் வகுத்த விதியன்று. நூற்று எழுபது சென்டிமீட்டருக்குக் குறைந்தவனின் தாளை அணியின் தலைமை அலுவலகம் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே, மனத்துக்குப் பிடித்துப்போன ஆட்டக்காரனுக்குத் தேர்வாளர்கள் சற்றுக் கூட்டிப் போடுவார்கள். அது கருணையாகவே கொள்ளப்பட்டது.

அவளும் கூட்டியிருக்கிறாள். தொழில்முறை அணியொன்றுக்காகக் கல்லூரிதோறும் ஆள் தேடும் வேலையில் இது ஆறாவது ஆண்டு.

இன்று, மற்ற அணிகளின் தேர்வாளர்களும் வந்திருந்த அரங்கில், விரிப்பின் இடது மூலையில் நின்றவன் இருளப்பன். பொருளியல், மூன்றாமாண்டு. அடுத்த ஆண்டு அவன் கல்லூரியில் இல்லை. எனவே இதுவே கடைசித் தேர்வு. பக்கத்தில் நின்றவனின் தோளுக்கு மேலே அவன் தலை எழவில்லை.

"இவன இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே வந்துருவேன்டா," என்றான் எதிரணியிலிருந்து கபடி பாடப் போன நெட்டையன்.

அவன் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள்.

இருளப்பன் விரல்களை மட்டும் ஒருமுறை விரித்து மடக்கினான்.

நெட்டையன் நடுக்கோட்டைத் தாண்டினான். மூச்சு சீராக ஓடியது. மூலையை நோக்கி ஒரு கால் நீண்டது.

அது தரை தொடுமுன் இருளப்பன் அங்கே இருந்தான்.

அவன் குனிந்ததை அவள் காணவில்லை.

உயரமானவன் கணுக்காலைப் பற்றுவதற்கு இறங்கி வரவேண்டும். அந்த இறக்கத்தைக் கண்டுதான் பாடி வருபவன் காலை இழுத்துக்கொள்கிறான். இவன் இறங்குவதற்குத் தொலைவே இல்லை.

காண்பதற்கும் எதுவுமில்லை.

நெட்டையன் முகம் குப்புற விழுந்தான். நீட்டிய விரல்கள் நடுக்கோட்டை எட்டவில்லை.

ஒன்பது முறை பாடி வந்தார்கள். ஏழு முறை அந்த மூலையில் விழுந்தார்கள். தப்பிய இருவர் மறுபடியும் இடப்பக்கம் திரும்பவில்லை.

அந்த மூலையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் மூடி கழற்றாத பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.

பின்பு அவனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள்.

நூற்று அறுபத்தொன்று.

கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அவள் நாற்காலியருகே வந்து குனிந்தார்.

"நூத்தி எழுபத்தொண்ணுன்னு போட்ருங்க மேடம். எல்லாரும் போடுறதுதானே. புள்ள பொழச்சுப் போறான்."

தாளை வைத்திருந்த அவளுடைய உதவியாளர் அதற்குள் ஒன்றையும் ஏழையும் எழுதிவிட்டிருந்தார்.

இன்னும் ஓர் இலக்கம். தாள் புரட்டப்படும், அவன் அழைக்கப்படுவான். எழுதாவிட்டால், இன்று இந்த அரங்கில் நிகழ்ந்ததைத் தலைமை அலுவலகத்தில் எவரும் அறியப்போவதில்லை.

அவள் அவனைப் பார்த்தாள். சுவரை ஒட்டி, குதிகால் எழும்பாமல், அளந்த நிலையிலேயே நின்றிருந்தான்.

உதவியாளரின் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். எழுதியிருந்ததை அடித்தாள். அருகே நூற்று அறுபத்தொன்று என்று எழுதி, பரிந்துரைப் பட்டியலின் முதல் வரியில் அவன் பெயரைச் சேர்த்தாள்.

"மேடம்…" என்றார் இயக்குநர்.

அவள் எழுந்தாள். மற்ற அணிகளின் தேர்வாளர்களும் திரும்பிப் பார்க்கும்படி, அரங்கமெங்கும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"நூத்தி அறுபத்தொண்ணு. ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்டாதீங்க சார். கெடுத்துருவீங்க."