விசிறி நிற்கும் வீடு

“ஃபேனைப் போடுங்க,” என்கிறாள் மகள். வீட்டை வாடகைக்கு எடுத்த படப்பிடிப்புக்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். ஒலிப்பதிவு கெட்டுவிடுமாம், வீட்டில் ஒரு விசிறியும் ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிறுத்திய விளக்கு கூடத்தில் பொய் வெயிலைக் கொட்டுகிறது. சீரியலில் அம்மாவாக நடிப்பவள் கண்ணில் கிளிசரின் விட்டுக்கொண்டு அழத் தயாராகிறாள். இரவுக் காவல் வேலை முடிந்து வந்த அப்பா, சமையலறைத் தரையில் நனைந்த பனியனோடு தூக்கம் பிடிக்காமல் புரள்கிறார். “இன்னும் ஒரே டேக்தாம்மா,” என்கிறார் மேனேஜர், காலையிலிருந்து சொல்வதைப் போலவே. அம்மா மகளைச் சமையலறைக்குள் இழுக்கிறாள். “இந்தத் தெருவே இவங்களாலதான் சாப்பிடுது. நீ பட்டம் வாங்கினதும் இந்த வாடகையிலதான்டி.” “அதுக்கு அப்பா வேகணுமா?” அம்மா முந்தானையால் அப்பாவுக்கு விசிறுகிறாள், பழக்கத்தில் அதையும் சத்தம் வராமல். மகள் குனிந்து அப்பாவின் உள்ளங்கையில் ஒரு சாவியை வைக்கிறாள். “நேத்தே ரூம் பிடிச்சிட்டேன்பா. இனிமே வேலை முடிஞ்சா நேரா அங்க வந்து படுங்க. ஃபேன் இருக்கு.” அவர் விரல்கள் மெல்ல மூடிக்கொள்கின்றன. கூடத்தில் ‘ஆக்‌ஷன்’ என்று குரல் கேட்கிறது. பின்வாசல் திறந்துதான் கிடக்கிறது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேமரா ஓடும் கூடத்தின் நடுவே, செருப்புச் சத்தம் கேட்க நடந்து வெளியேறுகிறாள்.