மூன்றாவது வரிக்கு ஆதாரம்

வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடச் சொன்னார் பல்கலைக்கழக நூலகர்.

எங்கிருந்தாவது சுட்ட வாக்கியமாக இருந்தால் இணையமே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். நூலகக் கணினி அறையில் எல்லோரும் பலகையில் இருந்த வாக்கியத்தைத் தட்டினார்கள்.

நான் என் அறைத்தோழிக்கு வந்த காதல் கடிதத்தைத் தட்டினேன்.

கடிதம் என்றால் காகிதம் இல்லை. நேற்று அவள் போனுக்கு வந்த மூன்றே மூன்று வரி. கட்டிலில் புரண்டு புரண்டு வாசித்துக் காட்டியே எனக்கு மனப்பாடமாக்கிவிட்டாள்.

அனுப்பியவன் லேட்டு. எந்த வகுப்புக்கும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதால் அந்தப் பெயர்.

தகவல் தேடும் இந்தப் பயிற்சியில் நூலகர் அவனை என்னோடுதான் ஜோடி சேர்த்தார். எப்படித் தேடுவது, எந்தப் பக்கத்தை நம்பலாம், எடுத்ததை எடுத்தேன் என்று எப்படி எழுதுவது, எல்லாம் இந்த செமஸ்டர் முழுக்க நான்தான் அவனுக்கு ஊட்டினேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ம், ம் என்று கேட்டுக்கொள்வான். கேட்டுவிட்டுப் போய் அவளுக்கு எழுதியிருக்கிறான். அவள் இதே வகுப்பில் பின்வரிசையில் நெயில் பாலிஷ் காயவைத்துக்கொண்டிருப்பவள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

முதல் வரி: 'உன் பெயரைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு தித்திக்கிறது.'

உடனே அகப்பட்டது. வாழ்த்து அட்டை விற்கிற ஒரு தளம். அதே வரி, கீழே ஒரு கரடி பொம்மை.

சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டாவது: 'உன்னைப் பார்த்த பிறகுதான் உலகமே தெளிவாகத் தெரிகிறது.'

மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரம். இதற்கா நேற்று அவள் தலையணையைக் கட்டிப்பிடித்தாள்!

மூன்றாவதைத் தட்டினேன். அவளை அழவைத்தது அந்த வரிதான்.

'நீ வராத நாட்களில், பாடம் கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டு, வாசலையே பார்த்திருப்பேன்.'

ஒன்றும் வரவில்லை.

மேற்கோள் குறியை எடுத்துவிட்டுத் தேடினேன். பாதி வரியை மட்டும் போட்டேன். வாசலைக் கதவாக மாற்றினேன். கற்றுக்கொண்ட வித்தை எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தேன். இணையம் கையை விரித்துவிட்டது.

அப்படியானால் இது அவனுடையது.

சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறவன், அவளுக்காக ஒரு வரி எழுதியிருக்கிறான். மற்ற இரண்டும் எங்கே சுட்டதாக இருந்தால் என்ன, இந்த ஒன்று போதாதா? எனக்கு ஒருநாளும் அப்படி ஒரு வரி வந்ததில்லை. வரப்போவதுமில்லை.

ஆனாலும் மூன்றில் இரண்டு திருட்டு. அதை வைத்தே அவனை அவள் கண்ணில் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வகுப்பு முடிந்ததும் நேரே பின்வரிசைக்குப் போனேன். லேட்டு அன்றைக்கு வரவே இல்லை. அதுவும் வசதியாகப் போயிற்று.

காதோடு காதாகச் சொன்னேன். அவள் முகம் வாடுகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன்.

வாடவில்லை. சிரித்தாள்.

"அதை அவனே சொல்லிட்டானேடி. காலையில ஆதாரமே அனுப்பிட்டான், இந்தா பாரு."

போனை நீட்டினாள். மேலே 'ஆதாரங்கள்' என்று தலைப்பு வேறு. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. முற்றுப்புள்ளிகூட நான் வைக்கச் சொன்ன இடத்தில் இருந்தது. முதலில் வாழ்த்து அட்டைத் தளம், பார்த்த தேதியோடு. அடுத்து கண்ணாடிக் கடை, அதுவும் தேதியோடு.

மூன்றாவதாக என் பெயர். பக்கத்தில் 'நேரில் கேட்டது' என்று இருந்தது.

நேரில் கேட்டதையும் ஆதாரமாகக் காட்டலாம் என்று அவனுக்குச் சொன்னதும் நான்தான்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் மட்டம் போட்டுவிட்டு வந்து நின்றவன்மேல் எரிந்து விழுந்திருந்தேன். நீ வரலைன்னா எனக்கு எங்கடா பாடம் ஏறுது, சும்மா தலையை ஆட்டிக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன் என்று, அவன் முகத்துக்கு நேராக. அன்றைக்கும் ம், ம் என்றுதான் கேட்டுக்கொண்டான். என் வசவுக்கு இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் அவளுக்கு அனுப்பிவிட்டான்.

எல்லோருக்கும் கடைசியாக வருகிறவன் யாருக்காக வாசலைப் பார்த்திருக்கப் போகிறான்? தேடுவதற்கு முன்னால் நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கிட்டகூடச் சொல்லலையேடி, கள்ளி! யாரைப் பத்திடி அவன்கிட்ட அப்படிச் சொன்னே?"

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருவன், உனக்குத் தெரியாது என்றேன்.

அவள் ஆதாரம் கேட்கவில்லை. அப்படியே நம்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காக நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

அவளால் அப்படிச் சந்தோஷப்பட முடிகிறதே என்று, எனக்கு அதற்கும் பொறாமையாக இருந்தது.