ஈய எழுத்தில் ஓர் அழைப்பு

“உங்க கடை அட்டையைப் பார்த்தாதான் என் பொண்ணு நம்புவா. வேற எதையும் நம்ப மாட்டா.”

வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அச்சகத்துக்கார அம்மாள் கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். இரண்டு பெயர்கள், ஒரு தேதி, ஒரு விலாசம். படிக்க அவ்வளவுதான் இருந்தது. அவள் இரண்டு தரம் படித்தாள்.

விஷயத்தை அவரே சொன்னார். மகள் வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதாகக் கடிதம் வந்தது. அதில் அவன் பெயர் இருந்தது, விலாசம் இல்லை. போனை எடுப்பதில்லை. சிநேகிதி ஒருத்திக்கு இருக்கும் இடம் தெரியும். எதையாவது கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பாள், ஆனால் இடத்தைச் சொல்லாமல் சாதிக்கிறாள். வீட்டில் மனைவி படுத்த படுக்கை. கோபமெல்லாம் வடிந்துவிட்டது, முறையாகக் கல்யாணத்தை நடத்திவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம்.

மகளுக்கு இந்தக் கடை அட்டை, கடிதத்தாள் என்றால் உயிர். வாரம் ஒரு தடவையாவது வந்து எதையாவது வாங்கிக்கொண்டு போவாளாம்.

“கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்பினா, அப்பா ஏதோ வேலை காட்டுறார்னு நினைப்பா. உங்க எழுத்து காகிதத்துல பள்ளமா பதியும்ல, அதைத் தடவிப் பார்த்தா நம்பிடுவா. ரெண்டு பேரும் வீட்டுக்கு வரணும்மா. எனக்கு அவ்வளவுதான்.”

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பெற்றவர் மனசு அவளுக்குத் தெரியாதா என்ன. அந்தப் பெண் பிறந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க வேண்டும் என்று அவளும் மனதார நினைத்தாள்.

“பையனோட அப்பா அம்மா பேரு போடணுமே?”

“அது வேண்டாம். அவங்க யாரோ எவரோ.”

அவள் அதை விழுங்கிக்கொண்டாள். எத்தனை அட்டை என்று கேட்டாள். முதலில் ஒன்று அடித்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எல்லாரும் சொல்வதுதான். சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொல்லி அனுப்பினாள்.

அவர் தலை மறைந்ததும் சாப்பிட மாடிக்குப் போனாள். வீடு அங்கேதான். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறவளுக்கு அன்று ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்ததும் வேலையில் இறங்கினாள். பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்தாள். மணமகன் பெயரைக் கோர்க்கும்போது சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. ஓரத்துக்குப் பூங்கொடி வைத்தாள், பிடிக்காமல் எடுத்தாள், மெல்லிசாக ஒற்றைக் கோடு போட்டாள். யாருக்கும் எடுத்து நீட்டாத கெட்டிப் பருத்திக் காகிதம் பீரோவில் இருந்தது. கஞ்சத்தனம் பார்க்காமல் அதையும் வெளியே எடுத்தாள்.

நாலு அடிக்கும்போது சொன்னபடி வந்து நின்றார். அவள் சரிபார்க்க அடித்த இரண்டு புரூஃபையும், நல்ல காகிதத்தில் அடித்த அட்டையையும் எடுத்து வைத்தாள். அவர் அட்டையைக் கையில் வாங்கி, மகள் பெயர்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு. நம்பிடுவா.”

“எழுத்து இன்னும் மிஷின்லதான் பூட்டியிருக்கு. எத்தனை அடிக்கட்டும்? முன்னூறா, ஐந்நூறா?”

“இது போதும்.”

“இல்ல, சொந்தக்காரங்க, அக்கம்பக்கத்துக்காரங்க...”

“அவங்களுக்கு எதுக்கும்மா? எழுத்தைக் கலைச்சிடுங்க.”

அப்புறம் கலைத்துக்கொள்வதாக அவள் சொன்னாள். இப்போதே கலைத்துவிட்டால் நல்லது என்றார், மரியாதை கொஞ்சமும் குறையாமல். அவள் சட்டத்தைத் தளர்த்தி எழுத்துகளை வாரினாள். இரண்டு பெயர்களும் உதிர்ந்து தட்டில் கலக்கும்வரை அவர் நின்று பார்த்தார். பிறகு புரூஃப் இரண்டையும் நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் மை அப்பிய புரூஃபைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள், வீட்டில் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். கிழித்துப் போட்ட ஒருவரை அவள் இன்றுதான் பார்க்கிறாள். அவர் அட்டையை உறையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் கடைக் கதவை உள்ளே தாழிட்டாள். நேரே மாடி ஏறினாள்.

மேலே கட்டில்மேல் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில், மதியத்திலிருந்து அழுதும் சிரித்தும் முகம் வீங்கிப்போன அந்தப் பெண் எழுந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அட்டையைப் பார்த்து அப்பா என்ன சொன்னார் அத்தை? நாங்க என்னிக்குக் கிளம்பலாம்?”

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் தன் மகன் பக்கம் திரும்பினாள்.

“இப்பவே கிளம்புங்கடா. அங்க இல்ல, அவர் கண்ணுல படாத இடமாப் பார்த்துப் போங்க. உங்க கல்யாணத்துக்கு அவர் அடிக்கச் சொன்னது ஒரே ஒரு அட்டை.”