சார்ஜ் ஏறும்வரை

கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை விழுந்தது, சுதர்சனன் பூங்கோதையின் கழுத்தில் தாலியின் முதல் முடிச்சைப் போட்டான். பிளாஷ் மட்டும் மின்னவில்லை. சற்று முன்பு மாப்பிள்ளையின் மேலதிகாரி மேடையேறியதை விடாமல் எடுத்துத் தள்ளியதில் அதற்கு மூச்சு வாங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தால்தான் மறுபடி மின்னும். கேமராக்காரர் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. சாமி புறப்பாட்டுக்குக்கூட அவ்வளவு பணிவாக நிற்காதவர்கள் அந்தக் கைக்கு நின்றார்கள்.

"இருட்டா விழுந்துடுச்சு சார். அவுத்துட்டு இன்னொரு வாட்டி கட்டுங்க. அதுக்குள்ள சார்ஜ் ஏறிடும்."

யாராவது ஒருவர் சீ என்று சொல்வார் என்று பூங்கோதை குனிந்த தலையோடு காத்திருந்தாள். ஐயர் ஓமத்தைக் கிளறினார். அவளுடைய அப்பா, படத்தில் விழவேண்டிய சிரிப்பைக் கலைக்காமல் முகத்திலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாதான் வாய் திறந்தாள். "அவுக்கறதே அவுக்கற, என் மூஞ்சி தெரியற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்னு கட்டுடா."

சுதர்சனனின் விரல்கள் அவள் பிடரியில் முடிச்சைத் தேடின. கட்டும்போது நடுங்கிய விரல்கள் அவிழ்க்கும்போது நடுங்கவில்லை.

மஞ்சள் கயிறு தளர்ந்து மார்பில் சரிந்தது. அவன் அதை எடுப்பதற்குள் பூங்கோதை கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கேமராவுக்கு நேராக அந்தக் கையை உயர்த்தினாள்.

"சார்ஜ் ஏறிடுச்சாண்ணே? இப்ப எடுங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. பழக்கதோஷத்தில் கேமராக்காரரின் விரல் அழுத்தியது. அந்தப் படம் துல்லியமாக விழுந்தது.