விதை பரவிய விதம்

"சார், திருடி ஒருத்தியப் பிடிச்சுட்டேன்."

காவலாளி ஒரு பெண்ணை முன்னால் விட்டு, தான் பின்னால் வந்தான். அவள் புடவை முழுக்க நாயுருவி விதை ஒட்டியிருந்தது. முந்தானையில் ஒரு பிடி பச்சை மிளகாய்.

காவல் அறை மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்த செடி வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். நகரத்துக்கு நடுவே வேலி போட்டுக் கிடக்கும் இந்த நான்கு ஏக்கரில் மூன்று மாதமாகக் காட்டுச்செடிகளைக் கணக்கெடுக்கிறார். நூற்றுப் பன்னிரண்டு வகை தேறியிருந்தது. இன்றைக்கு அறிக்கை கொடுத்துவிட்டால் 'மனிதக் கை படாத பூங்கா' என்று அறிவித்துவிடுவார்கள். அதற்கு இயக்குநராகப் போவதும் அவர்தான்.

"ஏம்மா, வெளியில போர்டு வெச்சிருக்கே, பாக்கலையா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"நாலு மிளகாய்க்காக வேலி தாண்டுவியா? இதெல்லாம் யாரும் நட்டது இல்ல. காத்துல வந்த விதை, குருவி போட்ட விதை. மனுஷன் தொடாம தானா வந்த காடு. இதுல போய்க் கை வைக்கலாமா?"

"குருவியா?" என்றாள் அவள்.

வாத்தியாருக்கு வகுப்பு எடுக்கும் வேகம் வந்துவிட்டது. ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"இங்க பாரு. தக்காளி, மிளகாய், பப்பாளி. பத்தடிக்கு ஒரு கொத்து. ஒரே நேர்கோட்டுல நாப்பது கொத்து. ஏன் தெரியுமா? ஒரு காலத்துல மேல கரண்ட் கம்பி போயிருக்கும். குருவிங்க வரிசையா உக்காந்து எச்சம் போட்டிருக்கும்."

இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எட்டாவது கொத்து எங்க வீடுங்க."

"என்னது?"

"கொல்லைப்பக்கம் பாத்திரம் கழுவுவோம். தக்காளி விதை, மிளகா விதை எல்லாம் அங்கதான் விழும். நாப்பது வீடு இருந்துச்சு. ஆறு வருஷம் முன்னாடி ஒரே காலையில இடிச்சுத் தள்ளிட்டாங்க."

காவலாளி சிரித்தான். "வாய்க்கு வந்தபடி அடிச்சு விடுறா சார். இது எப்பவும் வெறும் பொட்டல்னு ஆபீஸ் காகிதத்துலயே இருக்கு. போலீசுக்குப் போன் போடவா?"

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏழாவது என் நாத்தனார் வீடு. அவளுக்கு வயித்துப்புண்ணு, காரமே ஆகாது. அங்க மிளகா இருக்கான்னு பாருங்க."

வாத்தியார் வரைபடத்தில் விரலை ஓட்டினார். ஏழாவது கொத்தில் தக்காளி இருந்தது, பப்பாளி இருந்தது. மிளகாய் இல்லை. நாற்பதில் அது ஒன்றில்தான் இல்லை. குருவிகள் அந்த இடத்தில் மட்டும் ஏன் ஓரவஞ்சனை செய்தன என்று அவர் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

விரலை ஏழாவது கொத்திலேயே வைத்தபடி நிமிர்ந்தார்.

"உன் நாத்தனார் இப்ப எங்கம்மா?"

"எல்லாரும் பாலத்துக்கு அடியில இருந்தோம். போன மழையில காய்ச்சல் கண்டு போயிட்டா."

காவலாளி சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"திருட வரலைங்க. வர்ற வாரம் கோர்ட்டுல கேசு. மாத்து வீடு வேணும்னா, இங்க குடியிருந்ததுக்கு அத்தாட்சி கேக்கறாங்க. இருந்த காகிதம் எல்லாம் செவுத்தோட போச்சு. இந்த மிளகாயக் காட்டலாம்னுதான் பறிச்சேன்." கொஞ்சம் தயங்கினாள். "நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க எழுதினா நம்புவாங்க."

வாத்தியார் அறிக்கைப் படிவத்தை எடுத்தார். 'விதை பரவிய விதம்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே இருந்த நாலு கட்டத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினார்.

"காற்று, நீர், பறவை, விலங்கு."

"மனுஷன்னு கட்டம் இல்லீங்களா?"

"இல்லம்மா. ஆனா ஓரத்துல இடம் இருக்கு, அங்க எழுதறேன். நான் பொய் எழுதுற ஆள் இல்ல. நம்பிப் போ."

அவள் முகம் தெளிந்தது. மிளகாயை அவர் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கால் மணி நேரத்தில் பெரிய அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"அறிக்கை ரெடியா சார்? மனுஷ நடமாட்டம்னு ஒரு வார்த்தை வந்தாக்கூட பூங்கா கை விட்டுப் போயிடும். கேஸ் வேற நடக்குது. எல்லாத்துக்கும் பறவைன்னு போட்டு அனுப்புங்க. நாளைக்கே உங்க ஆர்டர் வந்துடும்."

போனை வைத்த வாத்தியார், பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பறவை என்று போட மனசு வரவில்லை. அது பச்சைப் பொய். முப்பது வருஷம் பாடம் நடத்திய கை அது, அவளுக்கு வாக்கு வேறு கொடுத்திருக்கிறார்.

படிவத்தின் ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மேசையில் கிடந்த மிளகாயை ஒதுக்கித் தள்ளினார்.

பிறகு, பொய் எழுதாமல், நாற்பது வீட்டுக்கும் 'விலங்கு' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.