முழங்கால் குழிகள்

எங்கள் மலையூர்ப் பூங்காவின் சால்வியா பூ நாற்றுகளை உறைபனிக்குப் பயந்து தழை போட்டு மூடி, விடிந்ததும் எடுப்பது அம்மாவின் வேலை. சித்திரையில் வரும் கூட்டம் பூவைத்தான் பார்க்கும், நட்டவளின் முழங்காலை எவன் பார்க்கிறான்? கூட வேலை செய்த ரோசம்மா அக்கா மார்கழியில் அந்தப் பாத்தியில் மண்டியிட்டபடியே செத்துப்போனாள். அவள் முழங்கால் பதிந்த இரண்டு குழிகளை எத்தனை முறை மூடினாலும், மறுநாள் தழையை எடுத்தால் அப்படியே இருந்தன. அம்மா அந்தக் குழிகளிலேயே முழங்காலை வைத்து வேலை செய்தாள்.

"அதுல வச்சா வலியே தெரியலடி."

"செத்தவ எடத்துல ஏம்மா போய் உக்கார்ற? வேலைய விட்டுத் தொலை. டிகிரி முடிச்சிட்டேன்ல, நான் பாத்துக்குறேன்."

"கிழிச்ச. இந்த வருசம் பூக்குறத பாத்துட்டு விடுறேன். ரோசம்மாதான் பாக்காமப் போயிட்டா."

தை கடைசியில் அம்மாவால் எழுந்து நிற்கவே முடியவில்லை. தவழ்ந்தாவது போய்விடுவாள் என்று கதவை வெளியே பூட்டிவிட்டு, அவளுக்குப் பதிலாக நான் போனேன். தழையை விலக்கினேன். சுற்றிலும் புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்தது. நாற்றுகளுக்கு நடுவே, பக்கத்தில் பக்கத்தில், நான்கு குழிகள் இருந்தன. கை வைத்துப் பார்த்தேன். புதிய இரண்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன.