கடலில் விழுந்த பிரபு

"பிரபுவைக் கடல்ல தள்ளிட்டாரா? உங்கப்பாவுக்கு என்ன நெஞ்சழுத்தம்டி!"

அம்மா தாள்களை மேசையில் வீசினாள். பதிப்பகத்தில் ஆசிரியராக இருக்கும் மகள், கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குதிரை வண்டியில் வரும் பிரபுக்கள், அவர்களைக் காதலிக்கும் சீமாட்டிகள், நடன விருந்துகள், நடுவே மந்திரம், கடல் சாகசம் என்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எழுதும் காதல் நாவல்களுக்குத் தனி வாசகர் கூட்டம் உண்டு. ஓர் அத்தியாயம் அவர், அடுத்தது இவள். போன மாதம் பரிசளிப்பு விழா மேடையில் அப்பா, 'என் நாவல், என் நாவல்' என்றே பேசி முடித்தார். மறுநாளே அம்மா பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அத்தியாயங்கள் மட்டும் மகள் வழியாகப் போய் வந்தன.

"கடைசி அத்தியாயம் உன்னோடதும்மா. சீக்கிரம் அச்சுக்குப் போகணும்."

"கிடக்கட்டும் கடல்லயே! சீமாட்டி வேற மாப்பிள்ளை பார்த்துப்பா."

"அவளுக்குத்தான் மந்திரம் தெரியுமே. கூப்பிட்டா வந்துடுவாரே?"

"மனசாரக் கூப்பிட்டாத்தான் அது பலிக்கும். முதல் புத்தகத்துலயே அப்படி எழுதித் தொலைச்சுட்டேன்."

"அப்போ... போனவர் போனதுதானா?" மகள் இப்போதுதான் கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"கரையேத்திட்டேன். உங்கப்பாவுக்கு அனுப்பு."

இருட்டுவதற்குள் அப்பா வாசலில் நின்றார், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

"என் மேல தப்புதான். 'நம்ம நாவல்'னு சொல்லியிருக்கணும். வீட்டுக்கு வந்துடேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் பெட்டியை இழுத்தது. மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஒண்ணுதான் புரியலை," அப்பா தலையைச் சொறிந்தார். "பிரபு எப்போ கடல்ல விழுந்தார்? நான் என் அத்தியாயத்தை இன்னும் எழுதவே இல்லையே?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எல்லாம் இவ வேலைதான். முதல் பத்தியிலேயே தெரிஞ்சுபோச்சு," என்றாள் அம்மா, பெட்டியை அவர் கையில் கொடுத்தபடி. "எனக்கும் வீட்டுக்கு வர ஒரு சாக்கு வேண்டாமா?"